வெள்ளிக்கிழமை இரவுக்குப் பதினாலாயிரம் கிலோமீற்றர்

ரொறன்ரோவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கணினியிடம் கேட்டால், பதினாலாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு என்று சொல்லும். பறக்கும் நேரம் பதினாறு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் என்றும் சொல்லும். அதோடு விட்டால் பரவாயில்லை. உலகப் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோட்டை வளைத்துக் கீறி, ஒரு நுனியை ரொறன்ரோவிலும் மற்ற நுனியைச் சீனன்குடா விமானத்தளத்திலும் குத்தி வைத்திருக்கும். கீழே 'இனிய பயணம்' என்று ஒரு வாழ்த்து வேறு.

அந்த ஐம்பது நிமிடத்தைக் கண்டுபிடித்தவர் ஒருநாள் என் கையில் அகப்பட வேண்டும். பதினேழு என்று சொல்லியிருந்தால்கூட, மனிதர் போட்ட கணக்கு, முன்பின்னாக இருக்கும் என்று நினைத்திருப்பேன். ஐம்பது நிமிடம் என்று சுத்தமாகச் சொன்னபடியால் மனம் அதை நம்பிவிட்டது.

நான் பிறந்தது கப்பல்துறையில். சீனன்குடாவின் ஓடுபாதை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் எங்கள் ஊரவர் ஒருவர் அங்கே பெட்டியோடு இறங்கி நடந்து வந்ததை நான் கண்டதில்லை. அது விமானப்படையின் இடம். எப்போதாவது கொழும்பிலிருந்து சின்ன விமானமொன்று வசதியான ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும் என்பார்கள். ரொறன்ரோவிலிருந்து அங்கே ஒரு ஈயும் நேராகப் பறந்து வராது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்து லீவு எழுதிக் கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

என் பெயர் ஸ்டெல்லா. ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. சனி ஞாயிறுகளில் மணப்பெண் அலங்காரம். சைவம், எங்கள் கிறிஸ்தவ வேதம், இஸ்லாம் என்று பார்க்காமல் கனடாவில் எத்தனையோ பெண்களுக்குக் கல்யாணச் சாரி உடுத்திவிட்டிருக்கிறேன். இவளுடைய வாய் சும்மா இருப்பது சாரி பின்களைக் கவ்விக்கொண்டு நிற்கும் நேரத்தில் மட்டும்தான் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அவருக்குத் தனியாகப் பூசை இருக்கிறது.

இந்தப் பயணம் திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் ஒரு கல்யாணத்துக்கு. மணப்பெண் ஷிஃபானா, என் சினேகிதி ஃபரீனாவின் ஒரே மகள். ஃபரீனாவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில், எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன் அவள் நோயில் படுத்திருந்தபோது, நான் ரொறன்ரோச் சாரிக்கடை ஒன்றில் நின்றுகொண்டு வீடியோவில் அவளுக்குச் சாரிகளைக் காட்டினேன்.

"அந்தச் சிவப்பில்லடி, பக்கத்தில இரிக்கிற மாதுளங்கா நிறம். அதுதான் என்ட புள்ளைக்கு" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "நீதான் வந்து உடுப்பிக்கணும். வேற ஆரும் கை வைக்கப்படாது" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். காலையில் உயிர் பிரிந்தது, பின்னேரத் தொழுகைக்கு முன்னரே அடக்கிவிட்டார்கள். அவர்களுடைய வழக்கம் அது, உடலை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் செய்தி கேட்டு ரிக்கற் தேடிக்கொண்டிருந்த நேரம் அங்கே மண் போட்டு முடிந்திருந்தது. யாரோடு கோபிப்பது? அந்தப் பதினாலாயிரம் கிலோமீற்றரோடுதான் கோபித்தேன். சாரியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவளுடைய அடக்கத்துக்குத்தான் நிற்கக் கிடைக்கவில்லை, மகளின் கல்யாணத்தைத் தவறவிட மாட்டேன் என்று அந்த அலுமாரிக் கதவில் கை வைத்துச் சொன்னேன்.

போன மாதம் ஷிஃபானாவின் வாப்பா, நான் அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் றவூப் நானாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, மாப்பிள்ளைக்கு டோஹாவில பத்து நாள்தான் லீவு குடுத்திரிக்காங்க. காட் அடிக்கவும் நேரமில்ல. அடுத்த கிழமை, வெள்ளிக்கிழம ராவு, இஷாத் தொழுகைக்குப் பொறகு நிக்காஹ். நீங்க வந்திரணும்."

உடனே திருப்பிப் போன் எடுத்து, "என்ன நடந்தாலும் நிக்காஹுக்கு முதல் நிப்பன் நானா" என்றேன். எந்த நேரம் வந்து சேர்வேன் என்று கேட்டார். "பிளேன்காரர் சொல்லுறதை நம்ப ஏலாது. ஆனா நிப்பன்" என்றேன்.

கணக்கில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ரொறன்ரோ நேரத்துக்கும் இலங்கை நேரத்துக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். புதன் இரவு பத்து மணிக்கு இங்கே ஏறினால் அங்கே வியாழன் காலை ஏழரை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். இடையில் மாறும் நேரம், வாடகை வான் ஓடும் நேரம், முகம் கழுவும் நேரம்வரை அதில் இருந்தது. வெள்ளி மத்தியானம் கிண்ணியா. இரவு எட்டுக்கு மேல் நிக்காஹ். சாரி உடுத்த எனக்கு இருபது நிமிடம் போதும்.

புதன்கிழமை விமான நிலையத்தில் முதல் சண்டை. சாரியைப் பெட்டிக்குள் போட மனம் வராமல் கைப்பையில் வைத்திருந்தேன். சோதிக்கிற பெண் அதை வெளியே இழுத்து விரித்துவிட்டு, பக்கத்தில் நின்றவனிடம் ஆங்கிலத்தில், "இது மேசைத் துணியா, திரைச்சீலையா?" என்று கேட்டாள். மேசைத் துணியாம்! ஃபரீனா உயிரோடு மூச்சு வாங்கிக்கொண்டு தெரிந்தெடுத்த சாரி. அவளுடைய கையிலிருந்து பறித்து, அந்த இரும்பு மேசையிலேயே வைத்து, ஆறு முழு மடிப்பாக மடித்தேன். பின்னால் வரிசை நீண்டது. நீளட்டும் என்று விட்டேன்.

விமானத்தில் பக்கத்துக் கதிரை அரைக் காற்சட்டைக்காரர் கொழும்பில் பிறந்தவராம். சிகிரியா, பாசிக்குடா, யானை என்று எனக்குப் பட்டியல் சொன்னார். "திருகோணமலையில் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னேன். "அப்ப ஒரு நாளை வீணாக்கப்போறீங்கள்" என்றார். அதற்குப் பிறகு பதின்மூன்று மணித்தியாலம் நான் அவரோடு கதைக்கவில்லை.

சாப்பாட்டு வண்டி எங்கள் வரிசைக்கு வந்தபோது கோழி முடிந்துவிட்டது. பாஸ்ரா மட்டும்தானாம். முதியோர் இல்லத்தில் பல்லில்லாத கிழங்களுக்கு நான் கொடுக்கிற பாஸ்ராகூட இதைவிட உறைப்பு. பரவாயில்லை, கிண்ணியாக் கல்யாணப் புரியாணிக்கு வயிற்றைக் காயப்போடுவோம் என்று தட்டைத் தள்ளி வைத்தேன். முன்னால் இருந்த சின்னத் திரையில் அதே சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கிற நேரமெல்லாம் அந்தப் பொம்மை விமானம் ஒரே கடலின் மேல்தான் நின்றது.

வியாழன் மாலை வளைகுடா நகரமொன்றில் இறங்கினேன். அடுத்த விமானம் இரண்டு மணித்தியாலத்தில் என்று ரிக்கற்றில் இருந்தது. பலகையில் பார்த்தால் 'தாமதம்'. எவ்வளவு தாமதம் என்று கேட்டால் மேசையில் நின்ற பெடியன் சிரித்தான். கோபம் வந்தால் பரவாயில்லை, சிரிப்பவனோடு என்ன செய்வது? தேத்தண்ணி ஒன்று வாங்கினேன். கடதாசிக் கோப்பையில் சுடுதண்ணியும் நூலில் தொங்கும் தூளும். தேயிலை விளைகிற நாட்டிலே பிறந்தவளுக்கு இதைக் கையில் தந்து வாழ்த்தும் சொல்கிறார்கள்.

என் பக்கத்தில் ஒரு பெண் வந்து அமர்ந்தாள். மூதூர்க்காரி. ஏழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறாளாம். நல்ல மனுசி. தன் பையிலிருந்த பேரீச்சம்பழத்தில் பாதியை எனக்குத் தந்தாள். எங்கோ தொழுகைக்கு அழைக்கும் சத்தம் கேட்டதும் எழும்பினாள்.

"அக்கா, இந்த பேக்கக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க. வெள்ளி ராவு, தொழுதிட்டு ஒரு யாஸீன் ஓதிட்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ" என்றேன். கண் முழுக்கப் பலகையில்தான் இருந்தது.

அந்த நேரம் போனில் இணையம் பிடித்தது. அரை மணித்தியாலத்துக்கு இலவசம் என்றார்கள். போனில் உயிர் ஒரு கோடுதான் மிச்சம். றவூப் நானா எழுதியிருந்தார்: "எங்க தங்கச்சி நிக்கிறீங்க?"

"இறங்கிட்டன் நானா. பயப்பிடாதீங்க, நேரத்துக்கு நிப்பன்" என்று அனுப்பினேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப பாத்துக்கொண்டு நிக்கிறம்" என்று பதில் வந்தது.

இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு பதற்றம், இன்னும் முழுசாக ஒரு நாள் கிடக்கிறதே என்று எரிச்சல்கூட வந்தது. ஏதோ எழுதப் போனேன். போன் அணைந்துவிட்டது. அதன் சார்ஜரைச் செருக வேண்டிய சுவர்த் துளைகள் எல்லாம் வேறு வடிவத்தில் இருந்தன. உலகத்தில் எல்லா நாட்டு மனிதருக்கும் மூக்கில் இரண்டு துளைதான் இருக்கிறது, சுவருக்கு மட்டும் ஏன் நாட்டுக்கொரு துளை?

இரண்டு மணித்தியாலம் என்றது ஏழாகியது. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்கியபோது வெள்ளி காலை எட்டு மணி. சிம் வாங்கும் வரிசை நீண்டு வளைந்து கிடந்தது. அதில் நிற்கிற நேரத்துக்கு வானில் ஏறினால் குருணாகலைத் தாண்டலாம் என்று வெளியே வந்துவிட்டேன். அந்த மூதூர்ப் பெண்ணை அவளுடைய தம்பி வந்து கூட்டிப் போனான். அவள் தூரத்திலிருந்து கை காட்டினாள்.

வான் ஓட்டியவர் சுமித், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் திருகோணமலைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"தேத்தண்ணி மட்டும் குடித்தால் ஏழு மணித்தியாலம். சோறும் சாப்பிட்டால் எட்டு" என்றார் சிங்களத்தில்.

ரொறன்ரோவில் நெடுஞ்சாலைக்கு ஏறும்போதே காரிலுள்ள பெட்டி, இன்ன நிமிடத்துக்கு வாசலில் நிற்பாய் என்று சொல்லும். பனி கொட்டினால் அதற்கும் இரண்டு நிமிடம் கூட்டும். இங்கே கணக்கு வயிற்றில் இருக்கிறது. ஆனாலும் உண்மை சொன்ன முதல் ஆள் சுமித்தான். அவருக்காவது நன்றி சொல்ல வேண்டும்.

ஹபறணையில் சோத்துப் பார்சல் வாங்கினோம். பலாக்காய்க் கறியும் கருவாடும். பசியில் அமிர்தமாக இருந்தது. சுமித்தின் போனை வாங்கி, மனப்பாடமாக இருந்த இலக்கத்தில் றவூப் நானாவுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜும்ஆ நேரம், பள்ளிவாசலில் இருப்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தேன். எடுக்கவில்லை. இரவுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் போன் எடுப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

கந்தளாயில் ரயர் வெடித்தது.

குளக்கட்டைத் தாண்டி, வீதியோரம் தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருந்த கடைக்கு முன்னால். மாற்று ரயரை இறக்கினார் சுமித். அதை அமுக்கிப் பார்த்தால் சாக்குப் போல உள்ளே போகிறது. அதிலும் காற்றில்லை! நான் வீதியில் நின்று கத்தினேன். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். இரவுக்குக் கல்யாணம் என்றேன். பெண்ணுக்குச் சாரி என்னிடம் இருக்கிறது என்றேன். தாயில்லாப் பிள்ளை என்றேன். சுமித் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைக்காரப் பெண்ணிடம் இரண்டு சட்டி தயிர் வாங்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா கோபித்தால் ரயருக்குக் காற்று ஏறாது. சாப்பிடுங்கள்" என்றார்.

அந்த வழியால் வந்த உழவு இயந்திரத்தில் ரயரை ஏற்றிக் கடைத்தெருவுக்கு அனுப்பினோம். ஒரு மணித்தியாலம் போயிற்று. கச்சான் என்கிற மேல்காற்று வயல் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. நான் அந்தச் சட்டித் தயிரை இனிப்புப் பாணி ஊற்றி அடிவரை வழித்துச் சாப்பிட்டேன். அது அவ்வளவு ருசியாக இருந்ததும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

நாலேகாலுக்குக் கப்பல்துறையைத் தாண்டினோம். நிற்கச் சொல்லவில்லை. வீதியின் ஒரு பக்கம் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகளின் தலைகள். கொஞ்சம் போனதும் கம்பி வேலி, படம் எடுக்க வேண்டாம் என்ற பலகை, வேலிக்கு அப்பால் ஓடுபாதை. சுமித் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, விமானத்தளம் உங்கள் ஊரிலேயே இருக்கிறதே. பிறகு ஏன் கட்டுநாயக்காவில் இறங்கினீர்கள்?"

என் வாயில் வந்த பதிலைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாததால் அவர் தப்பினார். அந்தச் சிவப்புக் கோட்டின் நுனி குத்தியிருந்த இடம் இதுதான். இரண்டு மாடுகள் வேலியோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தன.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிடம். நானும் ஃபரீனாவும் படித்த காலத்தில் பாலம் இல்லை, 'பாதை' என்கிற மிதவையில்தான் கடலைக் கடப்போம், அது வரும்வரை கரையில் காய்வோம். இப்போது இரண்டு நிமிடத்தில் அக்கரை. பதினாறு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் எனக்கு முப்பத்திமூன்று மணித்தியாலம் இருபது நிமிடமாக ஆகியிருந்தது. ஆனாலும் இஷாவுக்கு மூன்று மணித்தியாலம் இருக்கிறது. புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. கைப்பையைத் தட்டி, "வென்றிட்டமடி" என்று ஃபரீனாவிடம் சொன்னேன்.

றவூப் நானாவின் வீட்டு வாசலில் பாதிப் பந்தல்தான் நின்றது. நாலு பேர் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன லொறி நின்றது. எனக்குத் தலைக்கு ஏறியது. வானை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினேன்.

"இன்னும் பந்தல் போட்டு முடியேல்லையா? இரவைக்கு நிக்காஹ், மூண்டு மணித்தியாலம்தான் கிடக்குது! ஆர் இதுக்குப் பொறுப்பு?"

கதிரை அடுக்கிய ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "போடல்லம்மா, கழட்டுறம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மழையா, பந்தல்காரரோடு சண்டையா என்று கேட்கப் போனேன். உள்ளேயிருந்து றவூப் நானா வந்தார். தொப்பி போட்டிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க தங்கச்சி" என்றார். பிறகு மெதுவாக, "ராவெல்லாம் தேடினம்" என்றார்.

"ஏன் நானா பந்தலைக் கழட்டுறாங்கள்? நிக்காஹ் எங்க வைக்கிறீங்கள்?"

"நேத்து முடிஞ்சிட்டே."

"நேற்றா? வெள்ளிக்கிழமை இரவு எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம். வெள்ளி ராவு. நேத்து ராவு" என்றார் அவர்.

நான் வாசலில் நின்றபடி அந்தச் சொல்லைக் கேட்டேன். இவர்களுக்குப் பொழுது பட்டால் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழக்கிழமை மாலை சூரியன் விழுந்ததுமே வெள்ளி இரவு. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பள்ளிக்கூட நாட்களில் வியாழக்கிழமைப் பின்னேர ரியூசனுக்கு ஃபரீனா வரவே மாட்டாள். "வெள்ளி ராவுடி, ஊட்டில யாஸீன் ஓதணும்" என்பாள். அவள் தவறவிட்ட பாடத்தை எட்டு வருடமும் நான்தான் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். நேற்று மாலைகூட அந்த மூதூர்ப் பெண் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பலகையைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன்.

தெரிந்திருந்தும் கோபம் வேறெங்கோ பாய இடம் தேடியது. றவூப் நானாவின் மேல் பாய்ந்தேன்.

"திகதியைச் சொல்லியிருக்கலாமே நானா! பன்னிரண்டோ பதின்மூண்டோ, ஒரு இலக்கம்! ஒரு இலக்கம் சொல்லியிருந்தா நான் நடந்தாவது வந்திருப்பனே!"

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வெளி ஆக்களுக்கெல்லாம் திகதிதான் சொன்னனான் தங்கச்சி. நீங்க ஃபரீனாட கூட்டாளி. உங்களுக்கு எதுக்குத் திகதி?"

பிறகு மற்றதையும் சொன்னார். நான் 'இறங்கிட்டன்' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸால் இறங்கிவிட்டேன் என்று நினைத்தாராம். திருகோணமலை பஸ் நிலையத்துக்கு ஆட்டோ அனுப்பினாராம். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி நிக்காஹை ஒரு மணித்தியாலம் பிந்த வைத்தாராம். மௌலவி இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தாராம். ஆட்டோ வெறுமையாகத் திரும்பி வந்த பிறகுதான், பக்கத்து வீட்டு மச்சி ஒருத்தி ஷிஃபானாவுக்கு வேறொரு சாரியை உடுத்தியிருக்கிறாள். மத்தியானம் ஜும்ஆவுக்குப் போனபோது சத்தத்தை நிறுத்திய போனை அவர் இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. "எடுக்க மனம் வரல்ல" என்றார்.

பிளேன்காரர், கணினிக்காரர், சுவர்த் துளைக்காரர், சுமித், சுமித்தின் ரயர் எல்லோரையும் மூன்று நாட்களாகத் திட்டித் தீர்த்தேன். அவர்களில் ஒருவர்கூட இதற்குக் காரணமில்லை. விமானம் நேரத்துக்கு வந்து, ரயர் வெடிக்காமல், மத்தியானமே வந்து சேர்ந்திருந்தாலும் நான் பிந்தித்தான் வந்திருப்பேன். ஏறும் முன்னரே பிந்திவிட்டேன். குளிர்பெட்டியில் ஒட்டிய அந்தத் தாளை இப்போதே கிழித்துப்போட வேண்டும் போலிருந்தது. அதுவும் பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்.

ஷிஃபானா அறையில் கட்டிலில் இருந்தாள். கையில் மருதோன்றி கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. வீட்டுச் சட்டை. மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவள் என்னைப் பார்த்து எழும்பவில்லை.

"ஒரு மணித்தியாலம் உடுக்காம இருந்தன் சாச்சி" என்றாள். தாயின் தங்கையைத்தான் அவர்கள் சாச்சி என்பார்கள். சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் அழைப்பாள். "வேற ஆரும் கை வைக்கப்படாதிண்டு உம்மா சொன்னவ. மச்சி சாரியோட நிக்கிறா, நான் ஏலாது ஏலாதெண்டு வாசலப் பாத்துக்கொண்டிருக்கன். மாப்பிள்ளை ஊட்டாக்கள், பொண்ணுக்கு இஷ்டமில்லையோ எண்டு கேக்கத் தொடங்கிட்டாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது நினைவில்லை. அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கையை நீட்டினாள்.

"உம்மா தெரிஞ்செடுத்தது எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து, ஓரத்து வேலைப்பாட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பந்தல் மரங்களை லொறியில் எறியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நேற்று எனக்கென்று எடுத்து வைத்த புரியாணியைச் சூடாக்கிக்கொண்டு யாரோ வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன் வாசத்தில் எனக்கு அழுகை வந்தது.

"நாளைக்கு அவங்கட ஊட்டில வலீமா விருந்து. அதுக்கு அவங்க தந்த சாரி இரிக்கி" என்றாள் ஷிஃபானா. "இது இப்ப உடுப்பிச்சு விடுங்க. எப்படி இரிக்கிண்டு ஒருக்காப் பாத்திட்டுக் கழட்டுறன்."

எழுந்து கைகளை விரித்து நின்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பின்களை எண்ணாமல் அள்ளி உதடுகளுக்கிடையில் கவ்விக்கொண்டு, முன்மடிப்பைப் பிடித்தேன். மாதுளங்காய் நிறம் அவளுக்கு எடுத்தது. ஃபரீனாவுக்குக் கண் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. கண்ணாடியில் அவள் தன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கோபக்காரி.

"எனக்கு ஒரு மகள் புறந்து, அவளுக்குக் கல்யாணமெண்டா," என்றாள், "நான் வியாழக்கிழமை எண்டு சொல்லுறன் சாச்சி. அப்பவாவது வருவீங்களா?"

சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. வாய் நிறையப் பின்கள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன்.